பல் இல்லாத படங்கள்

சங்கராபுரத்தில் ஒரு பல் மருத்துவமனையின் எக்ஸ்ரே இயந்திரத்தைச் சோதித்து முடித்து, கருவிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார் சுபஸ்ரீ. கைப்பேசி அடித்தது. மறுமுனையில் கள்ளக்குறிச்சிப் பல் மருத்துவர் அஸ்ரப் நிஷா.

"மேடம், இன்னிக்கே வர முடியுமா? நாலு மணிக்குள்ள எனக்கு ஒரு பேரு வேணும்."

"இன்னா பேரு டாக்டர்?"

"தப்பு பண்ணது யாருன்னு ஒரு பேரு. எக்ஸ்ரேவ நம்பி, நல்லா இருந்த பல்லுல துளை போட்டுட்டேன்."

சுபஸ்ரீ மணியைப் பார்த்தார். பன்னிரண்டேகால். "வரேன்" என்று மட்டும் சொல்லிப் பெட்டியை மூடினார்.

எக்ஸ்ரே இயந்திரம் ஒழுங்காக இருக்கிறதா, படம் உள்ளதை உள்ளபடி காட்டுகிறதா என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்துச் சான்று எழுதித் தருவது சுபஸ்ரீயின் தொழில். இருபது வருடமாகச் செய்கிறார். அவர் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. கூடவே வரும் மெக்கானிக் முகம்மது கவுஸ் இதற்கு நேர்மாறானவர். வயது ஐம்பத்தாறு. கழற்றாத இயந்திரம் இந்த மாவட்டத்தில் இல்லை. வழக்கை முழுதாகக் கேட்பதற்குள் குற்றவாளியைப் பிடித்துவிடுவார். பாதி நேரம் அது வேறு ஆளாக இருக்கும் என்பதுதான் சங்கடம்.

"டியூபுதான் மேடம்" என்றார் கவுஸ், கார் சங்கராபுரத்தைத் தாண்டும் முன்பே. "பழைய டியூபு. வெளிச்சம் கம்மியாயிடும், ஃபிலிம் கறுக்காது. போன மாசம் அந்த ஆஸ்பத்திரி பொண்ணு போன் பண்ணுச்சு, படம் வெளுத்து வருதுன்னு. வெளிச்சம் விழற டைமைக் கொஞ்சம் ஜாஸ்தி வெச்சிக்கோன்னு அப்பவே சொல்லிட்டேன்."

"நேர்ல போய்ப் பாத்தீங்களா பாய்?"

"போன்லயே தெரிஞ்சுடுச்சே!"

சுபஸ்ரீ சன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மருத்துவமனையின் முன்னறையில் ஒருவர்தான் காத்திருந்தார். கம்பளிச் சால்வை போர்த்திய நடுவயதுப் பெண், கன்னத்தில் கை. பெயர் இருசம்மாள், கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலிருந்து காலை பஸ்ஸில் இறங்கி வந்தவர். இன்று அவருக்குப் பல் பிடுங்க வேண்டும். மூலையில் ஒரு தடித்த மணைப்பலகையின் மேல் சாமி படமும் அகல் விளக்கும் இருந்தன. பலகையின் விளிம்பெல்லாம் மஞ்சளும் குங்குமமும். படத்தின் சட்டத்துக்கு வெளியே நீல மைக்கோடு ஒன்று கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. அஸ்ரப் நிஷா தொழுகைக்காரர். ஆனாலும் ஆயுத பூஜை வந்தால் ஊழியர்களுக்குப் பொரியும் கடலையும் அவர்தான் வாங்கித் தருவார். அன்று வைத்த படத்தை நோயாளிகள் கும்பிடுகிறார்கள் என்று அப்படியே விட்டுவிட்டார்.

உள்ளே மேசையில் தட்டச்சு செய்த ஒரு கடிதம் கிடந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

"எங்க எக்ஸ்ரே எடுக்கற பொண்ணு பாரதியோட வேலை நீக்கக் கடிதம்" என்றார் டாக்டர். "ராஜாங்கம்னு ஒரு தலைமையாசிரியர். படத்துல பல்லோட கழுத்துல கறுப்பா தெரிஞ்சுது, சொத்தைன்னு நெனச்சித் துளைச்சேன். வலி தாங்காம வேற ஊருல காட்டியிருக்காரு. பல்லு நல்லாத்தான் இருந்துச்சு, படந்தான் கருகிப் போயிருக்குன்னு சொல்லிட்டாங்க. யாரு தப்புன்னு நாலு மணிக்குள்ள சொல்லுங்க, இல்லன்னா புகார் குடுப்பேன்னு நிக்கறாரு."

"பாரதிதான்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

டாக்டர் ஒரு தடித்த நோட்டை நகர்த்தினார். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பிளாஸ்டிக் உறை, உறைக்குள் கட்டை விரல் அகல ஃபிலிம். எதிலும் பல் இல்லை. கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாக ஏழு பட்டைகள் மட்டும்.

தினமும் நோயாளிகள் வருவதற்கு முன் எடுக்கும் சோதனைப் படங்கள் அவை. ஈயத்தால் செய்த சின்னப் படிக்கட்டு ஒன்றை ஃபிலிமின் மேல் வைத்துப் படம் எடுக்க வேண்டும். இயந்திரமும், ஃபிலிம் கழுவும் ரசாயனமும் சரியாக இருந்தால் பட்டைகள் நேற்றைப் போலவே இன்றும் விழும். வெளுத்தாலோ கறுத்தாலோ எங்கோ கோளாறு என்று அர்த்தம்.

"ஆயுத பூஜைக்கு அப்புறம் நாப்பத்தொரு நாளு. நாப்பத்தொரு படமும் அச்சு மாதிரி ஒன்னா இருக்கு" என்றார் டாக்டர். "இயந்திரம் தினமும் சரின்னு இந்த நோட்டு சொல்லுது. ஆனா அதே நாள்ல எடுத்த நோயாளிங்க படமெல்லாம் கறுப்பு. அப்ப இது பொய் நோட்டு. ஒரே நாள்ல மொத்தமா எடுத்து வெச்சிக்கினு, தினமும் ஒன்னு செருகியிருக்கா."

"கரெக்ட்!" என்றார் கவுஸ். டியூபை அதற்குள் விடுதலை செய்துவிட்டார்.

சுபஸ்ரீ பாரதியைக் கூப்பிடச் சொன்னார். முப்பது வயதிருக்கும். வெள்ளிமலைக்காரி; அவள் குடியிருப்பிலிருந்து படித்து இந்த வேலைக்கு வந்த முதல் ஆள். அழுது முடித்த முகம், ஆனால் நிமிர்ந்துதான் நின்றாள்.

"இந்தப் படிக்கட்டு எங்க வாங்கினது?"

"வாங்கல மேடம். ஃபிலிம் பாக்கெட்டுக்குள்ள ஒரு ஈயத்தாள் இருக்கும்ல, எல்லாரும் தூக்கிப் போட்டுடுவாங்க. அதைச் சேத்து வெச்சி ஒன்னுமேல ஒன்னா நானே ஒட்டினேன்." ஒரு சின்ன டிபன் பாக்சைத் திறந்து காட்டினாள். ஓரங்கள் பிசிறில்லாமல் வெட்டிய ஏழு படிகள். கடையில் வாங்கியதுகூட இவ்வளவு நேர்த்தியாக இருக்காது.

சுபஸ்ரீ பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, ஃபிலிம்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தார். பத்தாவது படத்தில் அவர் புருவம் உயர்ந்தது. டாக்டரிடம் கண்ணாடியை நீட்டினார்.

"மூலையில பாருங்க. வெள்ளையா பொடியா ஏதோ தெரியுதா?"

"பதினாலு... அடுத்ததுல பதினஞ்சு. தேதியா?"

"ஸ்டேப்ளர் பின்னை வளைச்சி நம்பர் செஞ்சி வெச்சிருக்கேன்" என்றாள் பாரதி. "அன்னிக்குத் தேதியையும் சேத்து வெச்சித்தான் எடுப்பேன். பேனாவுல எழுதினா பின்னாடி யாரு வேணா எழுதிட்டாங்கன்னு சொல்லலாமில்லையா."

சுபஸ்ரீ அந்தப் பெண்ணைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. சான்று தரும் இவருக்கே இப்படி ஒரு யோசனை வந்ததில்லை.

"அப்ப ரசாயனம்!" என்றார் கவுஸ்.

"சோதனைப் படமும் நோயாளி படமும் ஒரே தொட்டியில, ஒரே கை, அதே நாள்ல கழுவறது பாய். ரசாயனம் கெட்டிருந்தா ரெண்டும் சேர்ந்து கெட்டிருக்கணும்."

கவுஸ் தாடியைச் சொறிந்துகொண்டார்.

சுபஸ்ரீ நோட்டை முன்னுக்குப் புரட்டினார். பூஜை விடுமுறை முடிந்து திறந்த நாளில் மட்டும் இரண்டு படங்கள். முதல் படம் வெளுத்திருந்தது. பக்கத்தில் சிவப்பு மையில், 'நேரம் 0.40 வினாடி. படம் வெளுப்பு. டாக்டரம்மாவிடம் சொன்னேன். மெக்கானிக்கிடம் போனில் கேட்டேன்.' இரண்டாவது படம் சரியாக இருந்தது. 'நேரம் 0.60. மெக்கானிக் சொன்னபடி.' அன்று முதல் எல்லாப் பக்கத்திலும் 0.60.

கவுஸ் எட்டிப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினார்.

நோட்டின் கடைசியில் பச்சைத்தாள் ஒட்டிய சில பக்கங்கள் இருந்தன. மாதம் இருமுறை வெள்ளிமலையில் பல் முகாம். ஜீப்பில் கையடக்க இயந்திரம் போகும். முகாமிலும் காலையில் இதே படிக்கட்டை வைத்துச் சோதனை. ஒவ்வொரு பச்சைப் பக்கத்திலும், 'பள்ளிக்கூட பெஞ்சு. தூரம் ஸ்கேல் வைத்து 25 செ.மீ.' என்று எழுதியிருந்தது.

"இருசம்மாளுக்கு மலையில படம் எடுத்தீங்களா?" என்று கேட்டார் சுபஸ்ரீ.

"எடுத்தேன் மேடம். இங்க வந்தப்பவும் இன்னொன்னு எடுத்தேன்."

இரண்டு படங்களையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஒரே வாய், ஒரே பல், நான்கு நாள் இடைவெளி. மலைப் படத்தில் பல்லின் கழுத்து முழுசாக இருந்தது. கள்ளக்குறிச்சிப் படத்தில் அதே இடம் கறுத்து, ஓட்டை போலத் தெரிந்தது.

"முகாம் படந்தானே, சரியா விழலன்னு நெனச்சிட்டேன்" என்றார் டாக்டர் மெதுவாக.

"ரெண்டையும் எடுத்தது ஒரே கை. கை சரியில்லன்னா மலையிலயும் கருகியிருக்கும்." சுபஸ்ரீ எழுந்தார். "பாரதி, தினமும் காலையில எப்படி எடுப்பீங்களோ அப்படியே ஒன்னு எடுங்க. ஒன்னும் மாத்தாதீங்க."

எக்ஸ்ரே அறையில் பாரதி வேலையைத் தொடங்கினாள். நாற்காலியை முழுக்கத் தாழ்த்தினாள். அதன் மேல் வெள்ளைத் துணி சுற்றிய மணைப்பலகை இருந்தது. துணியின் மேல் ஃபிலிமை வைத்து, ஃபிலிமின் மேல் படிக்கட்டை வைத்து, ஓரத்தில் தேதிப் பின்னை வைத்தாள். சுவரில் நகப்பூச்சால் இட்ட சிவப்புக் குறிக்கு நேராக இயந்திரத்தின் கையை இறக்கி நிறுத்தினாள். கதிர் வரும் குழாயின் வாய் பலகைக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

"துணியை யாரு மாத்தறது?"

"சின்னப்பொண்ணு அக்கா. தினமும் துவைச்சி, காலையில நான் வர்றதுக்கு முன்னாடியே சுத்தி வெச்சிடும்."

"நோயாளிக்குப் படம் எடுக்கறப்ப குழாய் எங்க இருக்கும்?"

"கன்னத்தை ஒட்டி வெச்சிடுவேன். அப்ப சுவர்க்குறி தேவைப்படாது."

"ஒரு ஸ்கேல் குடுங்க" என்றார் சுபஸ்ரீ. ஃபிலிமிலிருந்து இயந்திரத் தலையில் பொறித்திருந்த புள்ளி வரை அளந்தார். இரண்டாம் முறையும் அளந்தார். பிறகு துணியின் ஒரு முனையைத் தூக்கி உள்ளே பார்த்து, பழையபடி மூடினார். "எல்லாரையும் இங்க வரச் சொல்லுங்க. இருசம்மாளும் வரட்டும். அவங்க பல்லு பத்தின பேச்சு."

மணி மூன்றேகால். சின்ன அறையில் ஐந்து பேரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். துடைப்பத்தைக் கீழே வைக்கத் தோன்றாமல் கையிலேயே பிடித்திருந்தார் துப்புரவு வேலை செய்யும் சின்னப்பொண்ணு.

"சோதனைப் படம் பொய் இல்ல. தேதி படத்துக்குள்ளயே இருக்கு, வெளுத்து வந்த படத்தையும் மறைக்கல" என்று தொடங்கினார் சுபஸ்ரீ. "ரசாயனம் கெடல. பாரதி கை சுத்தம். மிச்சம் இருக்கறது இயந்திரம். பூஜை முடிஞ்சி வந்த அன்னிக்குச் சோதனைப் படம் வெளுத்துச்சு. டியூபு பலவீனம்னு கவுஸ் பாய் நேரத்தை ஜாஸ்தி வெக்கச் சொன்னாரு. பாய், டியூபு நெஜமாவே பலவீனமா இருந்தா, நேரத்தைக் கூட்டினதும் நோயாளிங்க படம் எப்படி வரணும்?"

"சரியா வரணும்."

"கருகிப்போச்சு. அப்படின்னா?"

கவுஸ் தலையில் கை வைத்தார். "டியூபு நல்லாத்தான் இருந்திருக்கு. அதுக்கு மேல நேரத்தைக் கூட்டியிருக்கோம்."

"பலவீனம்னு சொன்னது சோதனை மட்டுந்தான். சோதனையில இருக்கறது, நோயாளிகிட்ட இல்லாதது எது? படிக்கட்டு. ஆனா அதே படிக்கட்டு மலையில சரியாச் சொல்லுது. மலையில பாரதி தூரத்தை ஸ்கேல் வெச்சி அளக்கறாங்க. இங்க சுவர்க்குறியை நம்பறாங்க. குறி நகரல. பாய், டார்ச்சைப் பலகைகிட்டப் பிடிங்க. இப்ப மேல தூக்குங்க."

கவுஸ் கைப்பேசியின் விளக்கைத் தூக்கத் தூக்க, துணியின் மேல் விழுந்த வெளிச்சம் பரந்து மங்கியது.

"தூரம் கூடினா வெளிச்சம் கம்மி. இங்க இருபத்தஞ்சு சென்டிமீட்டர் இருக்கணும். முப்பது இருக்கு. மேல இருக்கறது ஏறல. கீழ இருக்கறது இறங்கியிருக்கு." சுபஸ்ரீ துணியை முழுதாக உருவினார். அடியில் இருந்தது மெல்லிய புதுப் பலகை. "பாரதி, உங்க பலகையில ஏதாவது அடையாளம் வெச்சிருந்தீங்களா?"

"நடுவுல நீல மையில ஒரு கூட்டல் குறி..." பாரதியின் கண்கள் விரிந்தன. "இது என் பலகை இல்ல!"

"உங்க பலகை முன்னறையில சாமி படத்துக்கு அடியில இருக்கு. கூட்டல் குறியோட ஒரு கால் வெளிய தெரியுது."

துடைப்பம் கீழே விழுந்தது.

"நான்தாங்க" என்றார் சின்னப்பொண்ணு. "பூஜை அன்னிக்குப் படம் வெக்க உசரமா ஒன்னும் கெடைக்கல. இதை எடுத்து வெச்சேன். சாமி குந்தின பலகைய, ரத்தமும் எச்சிலும் படற நாற்காலியில எப்படிங்க மறுபடியும் போடறது? மனசு வரல. எங்க வூட்ல இருந்து வேற ஒன்னு கொண்ணாந்து துணி சுத்தி வெச்சேன். பலகைதானே, எதுவா இருந்தா இன்னான்னு நெனச்சிட்டேங்க."

யாருக்கும் அவரைக் கோபிக்கத் தோன்றவில்லை. அங்கிருந்தவர்களில் யார் அந்த வேலையைச் செய்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

"அக்கா மேல தப்பில்ல" என்று முந்திக்கொண்டாள் பாரதி. "பலகையோட உசரம் இவ்ளோ முக்கியம்னு நான் அதுகிட்ட சொன்னதே இல்ல. தினமும் படத்தை அளந்தேன், தூரத்தை அளக்கல. மலையில செய்யறதை இங்கயும் செஞ்சிருக்கணும்."

"இந்தப் பொண்ணைப் பேச வெக்காதீங்க, எனக்கு வெக்கமா இருக்கு" என்றார் கவுஸ். "டைம் கூட்டச் சொன்னது நான். வந்து பாத்திருந்தா அஞ்சு நிமிஷ வேலை. போன்ல வைத்தியம் பாத்தேன்."

சுபஸ்ரீ நோட்டைக் கையில் எடுத்தார். "டாக்டர், நான் நூறு இடத்துக்கு மேல போறேன். பாதி எடத்துல காலையில சோதனைப் படமே எடுக்கறதில்ல. எடுக்கற எடத்துலயும் தப்பா வந்ததைக் கிழிச்சிப் போட்டுடுவாங்க. இவங்க வெளுத்த படத்தையும் செருகி, என்ன மாத்தினாங்க, யாரு சொன்னாங்கன்னு எழுதி வெச்சிருக்காங்க. பொய் சொல்ற ஆளு தனக்கு எதிரா சாட்சி எழுதி வெக்க மாட்டாங்க. இந்த நோட்டு இல்லன்னா எனக்கு இது ஒரு வாரத்து வேலை."

பாரதி அந்தப் பாராட்டைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. பதிவேட்டைப் பிரித்து விரலால் எண்ணிக்கொண்டிருந்தாள். "பூஜைக்கு அப்புறம் அறுபத்து மூணு பேருக்கு இங்க படம் எடுத்திருக்கேன் டாக்டரம்மா. அத்தனை பேரையும் கூப்புட்டு வாயைப் பாக்கணும். படத்தை நம்ப வேணாம்."

"முதல்ல என் வாயைப் பாருங்க" என்றார் இருசம்மாள். "அஞ்சு மணி பஸ்ஸை விட்டா எனக்கு மலைக்கு வண்டி இல்ல."

பாரதி நேரத்தை 0.40க்குக் குறைத்துப் புதுப் படம் எடுத்தாள். ஃபிலிம் கழுவி வந்ததும் எல்லோரும் விளக்குப் பெட்டியைச் சூழ்ந்தார்கள். பல்லின் கழுத்து முழுசாக இருந்தது. டாக்டர் படத்தைக் கீழே வைத்துவிட்டுக் கூர்முனைக் கருவியால் பல்லைச் சுற்றித் தடவிப் பார்த்தார். எங்கும் குழி இல்லை. ஈறுதான் வீங்கியிருந்தது. சுத்தம் செய்து மருந்து தந்தால் போதும்.

கருவியைத் தட்டில் வைத்தபோது டாக்டரின் கை நின்றுவிட்டது. ராஜாங்கத்தின் பல்லையும் இதே போலத் தடவிப் பார்த்திருந்தால்? அன்று கூட்டம் அதிகம். படத்தில் கறுப்பைப் பார்த்தார், துளைத்துவிட்டார். வாய் அவர் கண் முன்னால்தான் திறந்திருந்தது.

மணி நான்காக ஐந்து நிமிடம். கைப்பேசி அடித்தது. திரையில் ராஜாங்கம்.

சின்னப்பொண்ணு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கவுஸ் ஒரு அடி முன்னால் வந்து, தன் பெயரைச் சொல்லச் சொல்லி நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். பாரதி தரையைப் பார்த்து நின்றாள். டாக்டர் ஒலிபெருக்கியை அழுத்தி எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"சொல்லுங்கம்மா, யாருன்னு தெரிஞ்சுதா?" என்றது தலைமையாசிரியரின் கறாரான குரல். "அந்த எக்ஸ்ரே எடுக்கற பொண்ணுதானே?"

"இல்ல சார். என் தப்பு."

"என்னது?"

"படம் கருகி வந்ததுக்கு வேற காரணம் இருந்துச்சு, கண்டுபுடிச்சிட்டோம். ஆனா பல்லு என் எதிர்ல இருந்துச்சு. தொட்டுப் பாக்காம படத்தை மட்டும் பாத்துத் துளைச்சது நான். நீங்க புகார் குடுக்கறதா இருந்தா என் பேருல குடுங்க. அஸ்ரப் நிஷா."

மறுமுனையில் குரல் சற்று இறங்கி வந்தது. "என் பல்லுக்கு இப்ப என்ன வழி?"

"திங்கக்கெழமை வாங்க சார். அதைக் காப்பாத்தற வேலையை நான் செய்யறேன். அதுக்கு முன்னாடி மறுபடி ஒரு படம் எடுக்கணும்."

"யாரு எடுப்பாங்க?"

டாக்டர் மேசையில் கிடந்த கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார்.

"பாரதி எடுப்பாங்க சார்" என்றார். "அவங்களை விட்டா வேற யாரும் எடுக்க நான் விடமாட்டேன்."